பெட்டியை ஒரே ஊரில் வையுங்கள்: ரைன், மோசல் கரைக் கேள்விகள்

ஜெர்மனியில் மகனோ மகளோ வேலையில் இருக்க, கோடையில் போய் ஒன்றிரண்டு மாதம் தங்கிவிட்டு வரும் அப்பா அம்மாக்களிடமிருந்துதான் இம்முறை நிறையக் கடிதங்கள். பெர்லின், மியூனிக் பார்த்தாயிற்று, ஆற்றங்கரையில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றனவாமே, ரயிலில் போய்வர முடியுமா என்று சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறான். மே மாதம் நானும் கணவரும் போகிறோம். அவனுக்கு லீவு கிடைக்காது, நாங்களே மூன்று நாள் ரைன் கரைக்குப் போய்வரலாம் என்று ஆசை. வாடகைக் கார் இல்லாமல் சரிப்படாது என்கிறான் அவன். இணையத்தில் பார்த்து பதினோரு ஊர் குறித்து வைத்திருக்கிறேன். எப்படிப் போவது என்று திட்டம் போட்டுத் தருவீர்களா சார்?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை)

அம்மா, முதலில் அந்தப் பட்டியலில் எட்டு ஊரை அடித்துவிடுங்கள். மூன்று நாளில் பதினோரு ஊர் என்றால் பெட்டியைத் தூக்கி இறக்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

கார் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது மற்ற இடங்களுக்குச் சரியாக இருக்கலாம், இந்த இடத்துக்கு இல்லை. பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டருக்கு ரைன் மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. 2002ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தத் துண்டைத்தான். இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு, சரிவில் திராட்சைத் தோட்டம், உச்சியில் கோட்டை, கீழே ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கிப் பிடித்தாற்போல ஊர். அந்த ஊர்களுக்குள் காரை நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். ரயிலோ இரண்டு கரையிலும் உண்டு, ஊர் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். மைன்ஸை விட்டால் கோப்ளென்ஸ் வரை ஆற்றின் மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. எதிர்க்கரையில் ஊர் கண்ணுக்கெதிரே இருக்கும், கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கும், ஆனால் போக வேண்டுமானால் பரிசல்துறை மாதிரி அங்கங்கே இருக்கும் கார் ஏற்றும் படகைப் பிடிக்க வேண்டும். பிங்கன் – ரூடஸ்ஹைம், சாங்ட் கோஆர் – சாங்ட் கோஆர்ஸ்ஹவுசன், பொப்பார்ட் – ஃபில்சன் என்று சில இடங்களில் அந்தப் படகுகள் நாள் முழுக்க ஓடும், ஆள் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. அதனால் திட்டம் போடும்போது ஊர் பெயரை மட்டும் பார்க்காமல் எந்தக் கரை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருக்கிறது.

நான் சொல்வது இடக்கரை, அதாவது மைன்ஸ் – பிங்கன் – கோப்ளென்ஸ் பாதை. ஆர்.பி. 26 என்ற வண்டி மைன்ஸிலிருந்து கொலோன் வரை எல்லா ஊரிலும் நின்று போகும், ஏறக்குறைய மணிக்கு ஒன்று. வேக வண்டிகள் சில ஊர்களைத் தாண்டிவிடும், அதனால் இதையே பிடியுங்கள். தங்குவதற்கு ஒரே ஊர், பாகராக் அல்லது பொப்பார்ட். மூன்று நாளும் பெட்டி அங்கேயே கிடக்கட்டும், நீங்கள் இந்த வண்டியை நம்மூர் டவுன் பஸ் மாதிரி வைத்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருங்கள். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ஐந்து, பத்து நிமிடம்தான்.

இரண்டில் எது? அழகு என்றால் பாகராக். மதில் சூழ்ந்த ஊர், மக்கள்தொகை இரண்டாயிரம் பக்கம். மரச்சட்டம் வெளியே தெரியக் கட்டிய வீடுகளில் ஒன்றில் 1368 என்று தேதி போட்டிருக்கிறது, அதற்குப் பெயரே 'பழைய வீடு'. மேலே ஷ்டாலெக் கோட்டையில் இளைஞர் விடுதி நடக்கிறது, எந்த வயதுக்காரரும் தங்கலாம், ஆனால் பெட்டியோடு அந்த ஏற்றம் உங்களுக்கு வேண்டாம். பொப்பார்ட் கொஞ்சம் பெரிய ஊர். பெரிய கடை, மருந்துக்கடை, நீளமான ஆற்றங்கரை நடைபாதை, ரோமானியர் கட்டிய கோட்டைச் சுவரின் மிச்சம் எல்லாம் உண்டு, மாலை ஏழுக்கு மேலும் ஆள் நடமாட்டம் இருக்கும். உங்கள் வயதுக்கு நான் பொப்பார்ட் என்பேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மைன்ஸ் வந்து மாறுங்கள். வண்டி போகும் திசையில் வலப்பக்க ஜன்னல், அதை விட்டுவிடாதீர்கள். பிங்கன் வரை பார்க்க ஒன்றுமில்லை, பழத்தோட்டமும் தொழிற்சாலையும்தான். பிங்கன் தாண்டியதும் ஆறு சட்டென்று வடக்கே திரும்பும், நடு ஆற்றுத் தீவில் எலிக்கோபுரம் என்ற சுங்கக் கோபுரம் தெரியும், அங்கிருந்து கோட்டைகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். கரையோரம் வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்கள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து கிலோமீட்டரில் ஆற்றின் தூரம், கப்பல்காரர்களுக்காக வைத்தது. பாகராக் 543, லோரலைப் பாறை 554. ஊர் பெயர்ப் பலகை கண்ணில் படாவிட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு வரைபடத்தைவிட அது பிடிக்கும்.

முதல் நாள் வந்து சேர்ந்து ஊரையே சுற்றுங்கள். இரண்டாம் நாள் ஓபர்வேசலில் இறங்கி மதிலைச் சுற்றி நடந்து (கோபுரங்கள் மட்டும் பதினாறு நிற்கின்றன), அப்புறம் சாங்ட் கோஆர் போய் அக்கரைக்குப் படகில் ஒரு தடவை போய்வாருங்கள். மூன்றாம் நாள் காலை கோப்ளென்ஸ், மாலை வீடு. ரயில் கதவு தானாகத் திறக்கும் என்று வாசலில் நின்றுகொண்டிருக்காதீர்கள், பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உங்களை வைத்துக்கொண்டே கிளம்பிவிடும்.

ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்பு படிக்கிறேன். அம்மா அப்பா வருகிறார்கள். மாதம் முழுக்க எந்த ரயிலிலும் போகலாம் என்ற டாய்ச்லாண்ட் டிக்கெட்டை அவர்களுக்கும் எடுத்துவிடலாமா, அல்லது நாள் டிக்கெட் போதுமா அண்ணா?
(மாணவர், ஸ்டுட்கார்ட்)

தம்பி, 'எந்த ரயிலிலும்' என்று நீங்கள் எழுதியதில்தான் வம்பே. அது வட்டார வண்டிகளுக்கும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோவுக்கும் மட்டும். ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லாது. ரைன் இடக்கரையில் இரண்டு வகையும் ஒரே தண்டவாளத்தில், சில நிலையங்களில் ஒரே நடைமேடையில் வரும். வண்டியின் முகத்தில் ஆர்.பி., ஆர்.இ., எஸ் என்று இருந்தால் ஏறச் சொல்லுங்கள், ஐ என்று தொடங்கினால் வேண்டாம். சுற்றுலாப் படகுக்கும் ரோப் காருக்கும் அந்த டிக்கெட் கிடையாது.

2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. பெற்றோர் ஒரே காலண்டர் மாதத்துக்குள் வந்து போகிறார்கள், உங்கள் ஊரிலும் தினம் டிராமில் சுற்றுவார்கள் என்றால் எடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் அது சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். எடுத்த அன்றே ரத்து செய்துவிடுவது நல்லது, மாதக் கடைசி வரை செல்லும். பெயர் பதிந்த டிக்கெட், அம்மாவுடையதை அப்பா காட்ட முடியாது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மாதக் கடைசியில் வந்து அடுத்த மாதத் தொடக்கத்தில் போகிறார்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது நாள் டிக்கெட் பாருங்கள். ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில டிக்கெட் ஒன்று உண்டு, ஐந்து பேர் வரை சேர்ந்து ஒன்றாக எடுக்கலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறையும். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அடுத்த நாள் அதிகாலை 3 வரை. மைன்ஸ், பாகராக், கோப்ளென்ஸ், கோஹெம் எல்லாம் அந்த மாநிலத்துக்குள் வந்துவிடும். ஸ்டுட்கார்ட் வராது.

படகில் போவதா, ரயிலில் போவதா? யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகர், சேலம்)

ஒரு பக்கம் படகு, மறுபக்கம் ரயில். படகு ஆறு ஓடும் திசையில், அதாவது பாகராக்கிலிருந்து சாங்ட் கோஆர் பக்கமாக. எதிர்த்து வந்தால் இதே தூரத்துக்கு நேரம் கூடுதல், ரைனுக்கு இழுப்பு அப்படி. பாகராக் – சாங்ட் கோஆர் துண்டு முக்கால் மணி நேரம்போல ஆகும், காவுப் தீவுக்கோட்டை, ஓபர்வேசல், லோரலை மூன்றும் அதிலேயே வந்துவிடும். நாள் முழுக்க படகில் உட்கார்ந்தால் மூன்றாவது மணி நேரத்தில் கோட்டை என்றாலே கொட்டாவி வரும். படகுகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான், கோடைக்கு வெளியே நாளுக்கு எண்ணி சில ஓட்டம் மட்டும்.

லோரலைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சியில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டே பாட்டுப் பாடிப் படகோட்டிகளை மயக்கிக் கவிழ்த்தவள் என்று கதை. நேரில் அது 132 மீட்டர் உயரப் பாறை, அவ்வளவுதான், எதிர்பார்ப்போடு போகிறவர்கள் 'இதற்கா' என்று கேட்பார்கள். ஆனால் கதை சும்மா வரவில்லை. ஆறு அங்கே நன்றாகக் குறுகி, ஆழமாகி, வளைந்து திரும்புகிறது, எதிரே வரும் கப்பல் தெரியாது. இன்றைக்கும் ஓபர்வேசலுக்கும் சாங்ட் கோஆருக்கும் இடையே கரையில் விளக்கு சிக்னல் வைத்துத்தான் கப்பல்களை விடுகிறார்கள். 2011 ஜனவரியில் கந்தக அமிலம் ஏற்றி வந்த டேங்கர் கப்பல் அந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பாறையைவிட தண்ணீரைப் பார்க்கத் தோன்றும்.

ஆற்றைப் பார்த்த அறை கிடைக்கிறது, நல்ல விலை. ஆனால் விமர்சனங்களில் 'தூங்கவே முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஏன்?
(வாசகி, சிங்கப்பூர்)

ஆற்றைப் பார்த்த அறை என்றால் அநேகமாகத் தண்டவாளத்தையும் பார்த்த அறை. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில்தான் ரயில் பாதை போகிறது, பாகராக்கில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமானால் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டும். பகலில் பயணிகள் வண்டி, இரவெல்லாம் சரக்கு. ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலி பக்கம் போகிற சரக்குக்கு இதுதான் வழி, இரண்டு கரையிலும் ஓடும், வலக்கரையில் கூடுதல், மலை இரண்டு பக்கமும் நிற்பதால் சத்தம் வெளியே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 2020 டிசம்பரிலிருந்து பழைய வார்ப்பிரும்பு பிரேக் வைத்த சத்தக்கார வேகன்களுக்கு ஜெர்மனியில் தடை, அதனால் முன்னைக்குத் தேவலை. ஆனாலும் தூக்கம் லேசானவர் என்றால் ஊரின் பின்பக்கம், திராட்சைச் சரிவைப் பார்த்த அறையாகக் கேளுங்கள். விலையும் பல இடங்களில் குறைவாகவே இருக்கும். அப்படியும் ஆறுதான் வேண்டுமென்றால் மோசலுக்குப் போங்கள், கீழே சொல்கிறேன்.

எனக்கு முழங்கால் வலி. கோட்டை ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது?
(வாசகர், திருச்சி)

ஏற முடிகிறவர்களுக்கு நான் சொல்வது பிரவுபாக் ஊரின் மார்க்ஸ்பர்க். மத்திய ரைனில் குன்றின் மேல் இருக்கும் கோட்டைகளில் ஒருபோதும் இடிபடாதது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பிரெஞ்சுப் படை உடைத்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசைப்பட்டுத் திரும்பக் கட்டியதும். ஆனால் உள்ளே பாறையிலேயே வெட்டிய கரடுமுரடான படிகள், வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும், நடுவில் உட்கார முடியாது. உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கோப்ளென்ஸில் ரைனுக்கு மேலே போகும் ரோப் காரில் ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்கு. படி ஏறுகிற வேலையே இல்லை, மேலிருந்து பார்த்தால் மோசல் வந்து ரைனில் சேரும் முனை அப்படியே தெரியும், இரண்டு தண்ணீரும் கொஞ்ச தூரம் நிறம் மாறாமல் பக்கம் பக்கமாக ஓடுகிற நாளும் உண்டு.

இரண்டாவது, காவுப் ஊருக்கு எதிரே நடு ஆற்றில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன். இதைக் கரையிலிருந்தோ படகிலிருந்தோ பார்த்தாலே போதும். 1326 – 27ல் பவேரியாவைச் சேர்ந்த ஜெர்மன் அரசன் லூட்விக் கட்டிய சுங்கச்சாவடி, ஆம், கோட்டை வேடத்தில் ஒரு டோல்கேட். காவுப் கரையோடு சேர்ந்து ஆற்றையே மறித்துவிட்டு வருகிற படகெல்லாம் காசு கொடுத்துவிட்டுப் போ என்று நிறுத்தினார்கள். ஆறு நெடுக இப்படி ஆளுக்கொரு சாவடி, நீங்கள் பார்க்கிற கோட்டைகளில் பாதிக்குக் காரணம் வீரம் இல்லை, வசூல். நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கம் கப்பலின் மூக்கு மாதிரி கூராக இருக்கும், குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிக்கட்டி மோதிப் பிளந்து போக வேண்டும் என்பதற்காக. 1814 புத்தாண்டு இரவில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த பிரஷ்யத் தளபதி புளூஷர் படையோடு ரைனைத் தாண்டியது இந்தத் தீவை ஒட்டித்தான்.

காவுப் வலக்கரை. அந்தக் கரையின் ரயில் பாதை முழுவதையும் 2026 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மூடிப் புதுப்பிக்கப் போவதாக ஜெர்மன் ரயில்வே அறிவித்திருக்கிறது. அந்தச் சமயத்தில் போகிறவர்கள் மார்க்ஸ்பர்க், காவுப், ரூடஸ்ஹைம் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பேருந்தையோ படகையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ரைன் கரையில் கூட்டம், வியாபாரம் என்கிறார்கள். மோசல் நதி அமைதியாக இருக்குமாமே? ரயில் இருக்கிறதா?
(மென்பொருள் ஊழியர், பெங்களூரு)

கூட்டம் என்பது ரூடஸ்ஹைமின் ஒரே ஒரு சந்தில்தான் அதிகம், அதை விட்டுவிட்டால் ரைனிலும் மூச்சு விடலாம். ஆனால் மோசல் வேறு மாதிரி ஆறு என்பது உண்மை. 1950களின் கடைசியிலிருந்து அணைகளும் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுப்பூட்டுகளும் வைத்து அதை ஒழுங்குபடுத்திவிட்டார்கள், தண்ணீர் அசைவதே தெரியாது. சரக்கு ரயில் இரைச்சலும் ரைன் அளவுக்குக் கிடையாது.

ரயில் உண்டு, ஆனால் பாதி ஆற்றுக்குத்தான். கோப்ளென்ஸிலிருந்து ட்ரியர் போகும் பாதை முதல் பாதி ஆற்றை ஒட்டியே போகும், அப்போது இடப்பக்க ஜன்னல். கோஹெம் தாண்டியதும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். ஆறு அங்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து சுற்றி வருகிறது, 1870களில் பாதை போட்டவர்களுக்கு அதைச் சுற்றிப் போகப் பொறுமை இல்லை, மலையைக் குடைந்துவிட்டார்கள். வெளியே வந்தால் புல்லை என்ற ஊரில் இரண்டடுக்குப் பாலம், மேலே ரயில், கீழே சாலை. அது முடிந்ததும் பியூண்டரிஷ் அருகே சரிவை ஒட்டி வளைவு வளைவாகக் கட்டிய நீண்ட மேம்பாலம், ஆறும் ஊரும் கீழே கிடக்கும். அதோடு சரி, ரயில் ஆற்றை விட்டு உள்ளே போய்விடும்.

அதனால்தான் படங்களில் பார்த்து எல்லோரும் மயங்குகிற பெர்ன்காஸ்டலுக்கு ரயில் கிடையாது. வித்லிக் நிலையத்தில் இறங்கிப் பேருந்து. பைல்ஷ்டைன் என்ற குட்டி ஊருக்கும் கிடையாது, கோஹெமிலிருந்து பேருந்து அல்லது படகு. ட்ராபன்-ட்ரார்பாக்குக்கு மட்டும் புல்லையிலிருந்து ஒரு கிளைப்பாதை இருக்கிறது, திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்து போகும் சின்ன வண்டி. 1900 வாக்கில் ஒயின் வியாபாரத்தில் கொழித்த ஊர், அந்தக் காலத்துச் செல்வச் செழிப்பு வீடுகளின் முகப்பிலேயே தெரியும்.

தங்குவதற்கு கோஹெமைச் சொல்வார்கள். வசதிதான், எல்லா வண்டியும் நிற்கும். ஆனால் ஊரின் மேலே நிற்கும் அந்தக் கோபுரக் கோட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், 1689ல் பிரெஞ்சுக்காரர்கள் தகர்த்ததை 1868ல் ஒரு பெர்லின் பணக்காரர் வாங்கித் தன் ரசனைக்குத் திரும்பக் கட்டினார். அசல் வேண்டுமானால் மோசல்கெர்னில் இறங்கி ஓடையோரமாகக் காட்டுக்குள் ஒன்றேகால் மணி நேரம் நடந்தால் எல்ட்ஸ் கோட்டை. எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது, பழைய 500 மார்க் நோட்டில் அச்சிட்டிருந்தது அதைத்தான். காட்டின் நடுவே ஒரு வளைவில் திரும்பியதும் கோட்டை முழுசாக எதிரே வந்து நிற்கும், சாலை வழியாகப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தத் திருப்பம் கிடைக்காது. நல்ல பிடிப்புள்ள செருப்பு, தண்ணீர் பாட்டில், கையில் ஏதாவது தின்பண்டம். நவம்பரிலிருந்து மார்ச் வரை கோட்டை மூடியிருக்கும்.

இன்னொன்று, கோப்ளென்ஸிலிருந்து கிளம்பும் விரைவு வட்டார வண்டி ட்ரியரில் இரண்டாகப் பிரிந்து பாதி லக்ஸம்பர்க்குக்கும் பாதி ஜார்ப்ரூக்கனுக்கும் போகும். கோஹெம், புல்லை வரை என்றால் எதில் ஏறினாலும் ஒன்றுதான். ட்ரியர் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறவும், இல்லாவிட்டால் வேறு நாட்டில் இறங்குவீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். மதுவும் கிடையாது. ஒயின் ஊர்களில் மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது?
(தம்பதி, மதுரை)

சமாளிக்கலாம், ஆனால் பன்றிக்கொழுப்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஷ்பெக் என்பார்கள், பொடிப்பொடியாக நறுக்கி எதிலும் தூவிவிடுவார்கள், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையோ என்று சந்தேகம் வரும். வறுத்த உருளைக்கிழங்கில் இருக்கும், ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியில் இருக்கும், இலையுதிர்காலத்து வெங்காயக் கேக்கில் இருக்கும். 'ஓனே ஷ்பெக்' (ஷ்பெக் இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். சூப் வேண்டாம், காய்கறி சூப்பும் இறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கக்கூடும். கவலையில்லாமல் கேட்கக்கூடியது ரைபகூகன், துருவிய உருளைக்கிழங்கை முட்டை சேர்த்துத் தட்டிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவார்கள். முட்டையும் ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரைன் பக்கத்தில் ஷ்புண்டகேஸ் என்று ஒரு பாலாடைக்கட்டி மசியல், பிரெட்சலைத் தொட்டுச் சாப்பிடுவது, நன்றாக இருக்கும்.

மது வேண்டாமென்றால் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு கேளுங்கள், டிரவுபன்ஸாஃப்ட், எல்லா ஒயின் வீட்டிலும் வைத்திருப்பார்கள். வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கினால் அது தோட்டக்காரர் தன் வீட்டிலேயே நடத்தும் பருவக் கடை என்று அர்த்தம். வருஷத்தில் நான்கு மாதம்தான் திறக்கலாம், நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது என்று சட்டம். அங்கே குடிக்காமல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். கையில் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள், கார்டு எல்லா இடத்திலும் எடுக்காது.

ஞாயிறு கடைகள் அடைப்பு, சனிக்கிழமை மாலைக்குள் பழம், தயிர், ரொட்டி வாங்கிவிடுங்கள். உணவகங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ, சின்ன ஊரில் எல்லோரும் ஒரே நாளில் மூடிவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு உபவாசம்தான். இரவு எட்டரைக்குப் போய் உட்கார்ந்து சமையலறை மூடிவிட்டது என்று கேட்பதைவிட ஆறரைக்கே போய்விடுங்கள்.

நாங்கள் டோர்ட்முண்டில் இருக்கிற யாழ்ப்பாணக் குடும்பம். இரண்டு பெரியவர், மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப் போய் இரவு திரும்புகிற மாதிரி பாகராக் போகலாமோ?
(வாசகி, டோர்ட்முண்ட்)

வேண்டாம் அக்கா. வட்டார வண்டிகளில் போனால் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், கடைசிப் பிள்ளை கொலோன் தாண்டுவதற்குள் 'எப்போது வரும்' என்று ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு வண்டி தவறினால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

அதற்குப் பதில் பான் வரை ரயில், அங்கிருந்து 66ஆம் எண் டிராமில் கோனிக்ஸ்வின்டர். ஆற்றோரம் கொண்டுபோய் விடும். 1883லிருந்து ஓடுகிற பல்சக்கர ரயில் அங்கிருந்து டிராகன்ஃபெல்ஸ் மலைக்கு ஏறுகிறது, ஜெர்மனியில் இன்றும் ஓடுகிறவற்றில் அதுதான் பழையது. ஜீக்ஃபிரீட் என்ற வீரன் டிராகனைக் கொன்ற மலை என்று பிள்ளைகளுக்குக் கதையும் சொல்லலாம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் இதே பக்கம் லின்ஸ் போங்கள், மரச்சட்ட வீடுகளுக்கு வண்ணம் அடித்து வைத்திருக்கிற ஊர், பாகராக் அளவுக்குத் தூரம் இல்லை.

கடைசிப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆறு வயதுக்குள் இலவசம். டாய்ச்லாண்ட் டிக்கெட் இல்லாத பெரியவர் இருந்தால் நாடு முழுக்கச் செல்லும் குவேர்-டுர்க்ஸ்-லாண்ட் நாள் டிக்கெட்டையும் உங்கள் மாநில நாள் டிக்கெட்டையும் ஒப்பிட்டு எது மலிவோ அதை எடுங்கள். கோனிக்ஸ்வின்டர் உங்கள் மாநிலத்துக்குள்தான் இருக்கிறது, லின்ஸ் எல்லை தாண்டி.

டிசம்பரில் போனால்?
(வாசகர், சென்னை)

கோப்ளென்ஸ், கோஹெம், ரூடஸ்ஹைம் ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும், அதற்காகப் போகலாம். சின்ன ஊர்களில் விடுதி பாதி பூட்டியிருக்கும், படகு இல்லை, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறும் அந்தக் காலத்தில்தான் ஊருக்குள் வரும். 1993 கிறிஸ்துமஸ் சமயத்தில் மோசல் ஏறி கோஹெம் தெருக்கள் மூழ்கின, சுவரில் வருஷம் போட்டுக் கோடு கிழித்திருப்பதை இரண்டு ஆற்றின் ஊர்களிலும் பார்க்கலாம், சில கோடுகள் நம் தலைக்கு மேலே. தண்ணீர் குறையும் ஆகஸ்ட் – அக்டோபரில் பிரச்சினை வேறு, காவுப் அளவுகோலில் நீர் இறங்கினால் சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமையோடு போகும், 2018ல் மிகவும் இறங்கியது. உங்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, ரயில் ஓடும். என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பர் கடைசி.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வழியில் கழிவறை?
(வாசகி, தஞ்சாவூர்)

எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. ஊர்களின் சின்ன நிலையங்களில் பெரும்பாலும் கிடையாது, ஆளும் இருக்க மாட்டார்கள், டிக்கெட் இயந்திரம் மட்டும் நிற்கும். ரயிலுக்குள் உண்டு, இலவசம், எப்போதாவது பூட்டிக் கிடக்கும். அதனால் இறங்குவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். கோப்ளென்ஸ், மைன்ஸ் போன்ற பெரிய நிலையங்களில் காசு போட்டால் கதவு திறக்கும், அதற்காக ஒரு யூரோ நாணயங்களாகக் கொஞ்சம் தனியே வையுங்கள். பெட்டி வைக்கும் பூட்டறையும் அந்தப் பெரிய நிலையங்களில்தான் இருக்கும், அதற்கும் இந்தச் சில்லறை உதவும். ஊருக்குள் என்றால் ஒரு காபி குடித்துவிட்டு உணவகத்திலேயே போகலாம், காபி மூன்று யூரோவுக்கு மேல்.